பழைய டிராக்டரை இனங்காணும் முறை

ஆயுத பூஜையன்று காலையில் நாஞ்சில் நாட்டுக் கிராமங்களின் வழியே நடந்து செல்வோர், முன்னாளில் ஏரும் மண்வெட்டியும் அரிவாளும் வைத்து வணங்கிய முற்றங்களில் இன்று டிராக்டரும் டிரெய்லரும் நிற்கக் காண்பர். கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, முகப்பில் வாழைக்கன்றும் மாலையும் கட்டி நிறுத்தியிருப்பார்கள். கன்னிப்பூ அறுவடை முடிந்து, கும்பப்பூவுக்குத் தொளி உழவு தொடங்கும் பருவமாதலால், அந்த ஒருநாள் ஓய்வு வண்டிக்கும் வேண்டியதே.

இங்கிலாந்து முதலிய மேல்நாடுகளில் பழைய டிராக்டர்களை வைத்திருப்போர், அவற்றை ஒரு மைதானத்தில் கூட்டி அணிவகுத்துக் காட்டுவது வழக்கம். பார்வையாளர் கட்டணம் செலுத்திக் காணச் செல்கின்றனர். எந்த வண்டி எந்த ஆண்டில், எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்பதைப் பள்ளிச் சிறுவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லுகின்றனர். நம் பக்கத்தில் அத்தகைய அணிவகுப்புக்கள் வேரூன்றவில்லை. நமக்கு ஆயுத பூஜையே அணிவகுப்பு எனலாம். அவ்வரிசையில் எப்போதாவது ஒரு வண்டி மற்றவற்றினும் தாழ்ந்து, முன்சக்கரம் மெலிந்து, பெயர் அழிந்து நிற்கும். அது யாது என்று கேட்டால், வீட்டுக்காரர் 'பழைய மாசி' என்றோ 'பழைய போர்டு' என்றோ கூறி நகர்ந்துவிடுவார். சில மாதங்கள் கழித்து அதே வீட்டுக்குச் சென்றால், வண்டி நின்ற இடம் வெறுமையாக இருக்கும். இப்பகுதியில் ஆக்கர்க் கடை என்று வழங்கும் பழைய இரும்புக் கடைக்கு அது எடைக்குப் போயிருக்கும்.

போனது ஐம்பது ஆண்டுக்குட்பட்ட சாதாரண வண்டியாயின் வருந்துவதற்கில்லை. இரும்பு மீண்டும் இரும்பாகும். போனது நம் நாட்டில் டிராக்டர் தொழிலே தோன்றுமுன் கப்பலில் வந்த வண்டியாயின், அதைப் போன்ற மற்றொன்றை அம்மாவட்டத்தில் தேடிக் காண்பது அரிது. ஆகவே, விற்குமுன் இனங்காணும் பழக்கம் நம்மவர்க்கு வேண்டும். அதற்குப் பொறியியற் கல்வி தேவையில்லை. ஒரு துணி, ஒரு கம்பித் தூரிகை, சிறிது மண்ணெண்ணெய், அரைமணி நேரப் பொறுமை ஆகியவை போதும்.

ஏன் அரிது?

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதிலும் இருந்த டிராக்டர்கள் 8,635. 1956-இல் 20,980, 1961-இல் 31,016. இவை அனைத்தும் ஏறக்குறைய இறக்குமதியானவையே. போருக்குப்பின் அமெரிக்கப் படை விட்டுச் சென்ற வண்டிகளைக் கொண்டு மத்திய அரசாங்கம் ஒரு டிராக்டர் ஸ்தாபனத்தைத் தொடங்கி, மத்திய இந்தியாவில் நாணல் மண்டிய நிலங்களைத் திருத்தியது. அப்பணிக்கென 1949-இல் உலக வங்கியிடம் ஒரு கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. 1956-இல் ராஜஸ்தானத்துச் சூரத்கரில் சோவியத் நாடு அளித்த இயந்திரங்களுடன் பெரும் பண்ணை ஒன்று அமைந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் பரந்த அத்தகைய இடங்களுக்கே டிராக்டர் உரியது என்ற எண்ணம் அக்காலத்தில் பொதுவாக இருந்தது.

நாஞ்சில் நாட்டின் நிலையோ வேறு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் வயல்கள் சிறு துண்டுகள். 1906-இல் முடிவுற்ற பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்களாலும் குளங்களாலும் பரவி, இருபூ நெல் விளையும் பூமி அது. கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும் தொளியில் கனமான டிராக்டர் இறங்கினால் கரையேறுவது எளிதன்று. கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் வந்த பின்னரே சிறு வண்டிகள் தொளியில் தைரியமாக இறங்கின. திருவாங்கூர்ப் பகுதியாயிருந்த இத்தாலுகாக்கள் 1956 நவம்பர் முதல் தேதி சென்னை இராஜ்யத்துடன் இணைந்தன. அதற்கு முந்திய காலத்து டிராக்டர் ஒன்று இங்கே எஞ்சியிருக்குமாயின், அது இருமுறை அரிது: நாட்டில் எண்ணிக்கை குறைவு, இம்மண்ணில் அதனினும் குறைவு.

நம் நாட்டில் தயாரிப்பு எப்போது தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஆராய்ச்சி பாதி முடிந்தது. 1959 ஏப்ரல் 24-ஆம் தேதி பரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் வெளிவந்தது. 1960-இல் சென்னையில் டாஃபே ஸ்தாபனம் தோன்றி, மறு ஆண்டு செம்பியத்தில் மாஸி பெர்குஸன் 35 செய்யத் தொடங்கியது. 1961-62-இல் நாடு முழுவதும் உற்பத்தியானவை 880 மாத்திரமே. 1963-இல் பம்பாயில் இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனியும், பரோடாவில் செக் நாட்டு உதவியுடன் மற்றொரு தொழிற்சாலையும் அமைந்தன. எஸ்கார்ட்ஸ் முதலில் போலந்து நாட்டு உர்ஸஸுடன் கூடியும், 1971 முதல் போர்டு 3000 வகையையும் செய்தது. அதே 1971-இல் பிஞ்ஜோரில் எச்.எம்.டி.யும், 1974-இல் பஞ்சாபில் ஸ்வராஜும் வந்தன. எச்.எம்.டி. வண்டிகளில் ஒரு வசதி உண்டு. பெயரிலுள்ள எண்ணின் முதல் இரு இலக்கங்களே குதிரைசக்தியைச் சொல்லும். 2511 என்றால் இருபத்தைந்து. 5911 என்றால் ஐம்பத்தொன்பது. அத்தொழிற்சாலையை மூடும் முடிவு 2016-இல் எடுக்கப்பட்டமையால், இனி இவையும் பழம்பொருள் வரிசையில் சேருவனவே.

நிறத்தை நம்பலாகாது

முதலில் கண்ணில் படுவது நிறம். முதலில் ஏமாற்றுவதும் அதுவே. நம் பட்டறைகளில் வண்டிக்கு வர்ணம் அடிக்கும்போது, கையிலிருக்கும் டப்பாவே நிறத்தைத் தீர்மானிக்கிறது. தொழிற்சாலைகளும் ஒரே நிறத்தைப் பற்றி நிற்கவில்லை. ஃபோர்ட்ஸன் 'என்' வகை நீலமாயிருந்து, 1937-இல் ஆரஞ்சாகி, போர்க்காலத்தில் பச்சையாயிற்று. போருக்குப்பின் வந்த மேஜர் கருநீல உடலும் செவ்வாரஞ்சுச் சக்கரமும் பெற்றது. பெர்குஸனின் முதல் வண்டிகள் முழுச் சாம்பல் நிறம். 1956-இல் வந்த 35 வகை சாம்பலும் பொன்னிறமும். 1957 இறுதியிலிருந்து சிவப்பும் சாம்பலும்.

எனினும் நிறம் பயனற்றதன்று. மேல்வர்ணத்தை நம்பாமல் அடிவர்ணத்தைத் தேட வேண்டும். இருக்கைக்கு அடிப்புறம், மட்கார்டின் உள்மடிப்பு, ஸ்டீரிங் கம்பம் உடலில் நுழையும் இடம், பாட்டரித் தட்டின் கீழ் ஆகியவை தூரிகை எட்டாத மூலைகள். அங்கே நகத்தால் சுரண்டினாலே முதல் நிறம் தெரியும். ஒரு விரற்கடைக்கு மேல் சுரண்ட வேண்டாம். அந்த மூல வர்ணமே வண்டியின் சாட்சி. சாட்சியை அழித்துவிட்டு வழக்காடுவதில் பயனில்லை.

எண்ணிப் பார்த்தல்

அடுத்து என்ஜின். ரேடியேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிடில் காற்றால் குளிரும் என்ஜின். அதனுடன் ஸிலிண்டரும் ஒன்றாயிருந்து, சுற்றிலும் செதில் செதிலாகத் தகடுகள் இருப்பின், பெரும்பாலும் பழைய ஐஷர். ஜெர்மனியின் டாய்ட்ஸ் வண்டிகளும் காற்றால் குளிர்பவை. ஆகையால் பெயர்த் தகட்டையும் பார்த்த பிறகே முடிவு கூற வேண்டும்.

ரேடியேட்டர் உண்டாயின் ஸிலிண்டர்களை எண்ணுக. டீஸல் வண்டியில் தலைப்பாகத்தில் இறங்கும் மெல்லிய உருக்குக் குழாய்கள் எத்தனையோ அத்தனை ஸிலிண்டர்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளை எண்ணினால் போதும். எச்.எம்.டி. 2511-க்கும் அதன் மூலமான ஸெடார் வண்டிக்கும் இரண்டு. டாஃபேயின் மாஸி 35-க்கு மூன்று. அது பெர்க்கின்ஸ் வகை டீஸல். இங்கிலாந்திலிருந்து வந்த 35 வகை டீஸலில், 1959 இறுதிவரை நான்கு ஸிலிண்டர் ஸ்டாண்டர்ட் என்ஜினும், அதன்பின் மூன்று ஸிலிண்டர் பெர்க்கின்ஸும் இருந்தன. ஆகவே மாஸி என்ற பெயருடன் நான்கு குழாய்கள் தென்பட்டால், அது சென்னையில் பிறந்ததன்று என்ற ஐயம் எழ வேண்டும். 1957-இல் வந்த நீல நிற ஃபோர்ட்ஸன் டெக்ஸ்டாவும் பெர்க்கின்ஸ் குடும்பத்து மூன்று ஸிலிண்டரே. என்ஜினை மட்டும் பார்ப்பவர் இதனை மாஸி என்று மயங்குவதுண்டு.

சிவப்பு நிற இன்டர்நேஷனல் பி-275 வேறுவிதமாக மயக்கும். அதன் உருவம் 1958-இல் இங்கிலாந்தில் தோன்றியது. அதே உருவத்தில் நம் நாட்டில் நெடுங்காலம் செய்யப்பட்டது. உருவம் பழையதாயினும் வண்டி புதியதாயிருக்கலாம். தகட்டில் பொறித்துள்ள ஊரும் கம்பெனியுமே அதன் வயதைக் கூறும்.

மேல்நாட்டு அணிவகுப்புக்களில் பெருங்கூட்டத்தை ஈர்ப்பவை ஒற்றை ஸிலிண்டர் அரக்கர்கள். ஜெர்மனியின் லான்ஸ் புல்டாக் வண்டியின் தலையை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்சி, ஸ்டீரிங் சக்கரத்தையே கழற்றிப் பக்கவாட்டில் செருகிச் சுழற்றிக் கிளப்புவார்கள். இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷலைத் துப்பாக்கித் தோட்டாவைப் போன்ற ஒன்றை வெடித்துக் கிளப்பலாம். நாஞ்சில் நாட்டு வயலில் இவற்றைத் தேடி அலைய வேண்டுவதில்லை. நாம் தேட வேண்டியது சாம்பல் நிறப் பெர்குஸனை.

சாம்பல் நிறப் பெர்குஸன்

ஹாரி பெர்குஸன் வகுத்த டி.இ.20 வண்டி 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. கலப்பையை வண்டிக்குப் பின்னால் சங்கிலியில் இழுப்பதை விட்டு, மூன்று புள்ளிகளில் வண்டியோடு இணைத்து எண்ணெய் அழுத்தத்தால் தூக்கவும் தாழ்த்தவும் செய்த முறை இவருடையது. இன்று நம் வயலில் உழும் எல்லா டிராக்டர்களின் பின்புறத்திலும் அம்மூன்று புள்ளிகளைக் காணலாம். வண்டியின் எடை சுமார் 1,100 கிலோ. அக்காலத்து மற்ற வண்டிகளை நோக்க இது மிக இலேசு.

இதன் என்ஜின், தொடக்க காலத்தவை நீங்கலாக, ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியுடையது. அதே குடும்பத்து என்ஜின்தான் ஸ்டாண்டர்ட் வான்கார்டு காரிலும் இருந்தது. அக்கார் சென்னையில் பொருத்தி விற்கப்பட்டதை மூத்தோர் அறிவர். பிற்கால டி.இ.20-க்கும் வான்கார்டுக்கும் ஸிலிண்டரின் உள்விட்டம் 85 மில்லிமீட்டரே. எனவே பெர்குஸனுக்கு லைனரும் பிஸ்டனும் தேடுவோர், டிராக்டர்க் கடைகளோடு பழைய கார்ச் சாமான் விற்கும் கடைகளிலும் விசாரிப்பது நன்று.

இவ்வண்டியை இனங்காண நான்கு அடையாளங்கள் போதும். கியர்க் கம்பி ஒன்றே. முன்னோக்கி நான்கு வேகம், பின்னோக்கி ஒன்று. 35 வகையிலோ முன்னோக்கி ஆறு, பின்னோக்கி இரண்டு. உயர்வேகத்துக்கும் தாழ்வேகத்துக்கும் தனிக் கம்பியும் உண்டு. இரண்டாவது, டி.இ.20-இன் கியர்க் குமிழருகே 'எஸ்' என்னும் எழுத்து பொறித்திருக்கும். கியர்க் கம்பியை அவ்விடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். கியரில் இருக்கும்போது வண்டி தற்செயலாகக் கிளம்பாதிருக்கச் செய்த இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்தது. சாவியைத் தொலைத்தவர் சாக்குச் சொல்ல முடியாது. மூன்றாவது, முன்சக்கரம் பத்தொன்பது அங்குல வளையத்தில் நான்கு அங்குல டயர். சைக்கிளுக்குத் தம்பி போல மெலிந்திருக்கும். சக்கரத்தை மாற்றியிருக்கலாமாதலால் இதைத் தனிச் சாட்சியாகக் கொள்ளலாகாது. நான்காவது, கிளட்சை மிதித்தால் தூக்கும் பொறியும் உடனே நின்றுவிடும்.

பெயர்த் தகடு ஓட்டுநரின் எதிரே, கருவிப் பலகையில் இருக்கும். 'டி.இ.' என்ற இரு எழுத்துக்கு அடுத்த எழுத்து எரிபொருளைக் கூறும். 'ஏ' பெட்ரோல், 'எஃப்' டீஸல், 'டி' என்றால் டிராக்டருக்கென வந்த மண்ணெண்ணெய் வகை. அதை அடுத்துள்ள வரிசை எண்ணைக் கொண்டு, அச்சில் வந்துள்ள அட்டவணைகளால் ஆண்டைக் காணலாம். தகடு பளபளப்பாயும், அதைப் பிடித்துள்ள ஆணிகள் புதியனவாயும் இருந்தால் எச்சரிக்கை வேண்டும். பழைய வண்டிகளுக்கு மதிப்பு ஏறியதிலிருந்து புதுத் தகடுகள் செய்து விற்கப்படுகின்றன. துருவேறிய உண்மைத் தகடு மினுங்கும் போலியினும் விலைமிக்கது.

தகடே இல்லாவிடில் மனம் தளர வேண்டாம். என்ஜின் எண் என்ஜினின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கை மண்ணெண்ணெயால் நனைத்து, துணியால் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியைக் குறுக்கே தேய்த்தால் எழுத்து வெள்ளையாய் எழும். உளியோ அரமோ தொடலாகாது. எண்ணைத் திருத்தியதாகத் தோன்றும் வண்டியை மோட்டார் வாகன அலுவலகம் ஏற்காது.

ஒரு கொட்டகையில்

சுசீந்திரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், வைக்கோற் படப்பையொட்டிய கொட்டகையில் கிடந்த வண்டி ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. வீட்டுக்குரியவர் முன்னமே ஆக்கர்க் கடைக்காரரிடம் கிலோக் கணக்கில் விலை பேசியிருந்தார். உள்ளூர் மெக்கானிக் ஒருவரும் நம்முடன் வந்தார். "மாசிதான் அண்ணாச்சி, அப்பா காலத்து வண்டி" என்று அவரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் கொட்டகைக் கதவைத் திறந்தார்.

வண்டி சிவப்பு. முகப்பில் பெயரில்லை. கருவிப் பலகையில் தகடு இருந்த இடத்தில் ஆணித்துளைகள் மாத்திரம் எஞ்சியிருந்தன. முன்சக்கரங்கள் பிற்காலத்துப் பருத்த சக்கரங்கள். மெக்கானிக்கும் 35 என்றே கருதினார். நாமும் அவ்வாறே எண்ணித் திரும்பியிருப்போம்; கியர்க் குமிழைத் துடைத்தபோது 'எஸ்' எழுத்துத் தெரிந்ததால் நின்றோம். வேகங்கள் நான்கு. ஸ்பார்க் பிளக்குகள் நான்கு. இருக்கையைக் கழற்றி அடிப்புறத்தைச் சுரண்டியதில் சிவப்பின் கீழே ஒரு பச்சை, பச்சையின் கீழே சாம்பல்.

இதற்குள் வீட்டுக்காரரின் தாயார் கைத்தடியூன்றிக் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார். "செவப்பு இவன் அடிச்சது மக்ளே. அவரு கொண்டாந்தப்போ எருமைக்கண்ணு நெறமாக்கும்" என்றார். கணவர் அதை ஒரு மலைத்தோட்டத்திலிருந்து இரண்டாங்கையாக வாங்கிய கதையும் வந்தது. காகிதம் ஏதேனும் உண்டா என்று கேட்டோம். மகன் இல்லையென்றார், தாயார் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நிலப் பத்திரங்களுக்கு அடியில், ஓரம் அரிக்கப்பட்ட பதிவுப் புத்தகம் கிடைத்தது. அதிலிருந்த என்ஜின் எண்ணும், சுண்ணாம்பு தேய்த்து நாம் படித்த எண்ணும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்தன. எரிபொருள் என்ற இடத்தில் மண்ணெண்ணெய் என்றிருந்தது.

பதிவுப் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1989-க்கு முந்திய பதிவுக் குறிகள் மூன்று ஆங்கில எழுத்தும் நான்குக்கு மேற்படாத இலக்கமும் கொண்டவை. நாகர்கோவிலுக்கு உரிய டி.என். 74 என்ற முறை பிற்காலத்தது. பழைய குறி உள்ள புத்தகத்தை எக்காரணத்தாலும் எறியலாகாது. 2021-இல் மத்திய அரசாங்கம் ஐம்பதாண்டு கடந்த பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வகுத்தது. ஆனால் அவை இருசக்கர வாகனங்களையும் பயணிகள் கார்களையும் கருதியவை. டிராக்டருக்கு அச்சலுகை கிட்டாது. சாதாரணப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். புத்தகம் தொலைந்தால் அவ்வழியும் அடைபடும். உழவுப் பொறிகளுக்கும் அவ்விதியில் ஓர் இடம் அளிப்பது முறையென்பது நம் கருத்து.

மகனிடம் நாம் மூன்று செய்திகளையே கூறினோம். மறுபடி வர்ணம் அடிக்க வேண்டாம். கழன்ற உறுப்புக்களை, துருப்பிடித்த சக்கர வளையமாயினும், ஒரே சாக்கில் கட்டி வைக்கவும். விற்பதானால் எடைக்கு விற்க வேண்டாம். இன்னது என்று எழுதி, புகைப்படத்துடன், பழைய வண்டி சேர்ப்போருக்குத் தெரிவித்து விலை கேட்கவும். அவர் சிறிது நேரம் வண்டியைப் பார்த்தபடி நின்றார். கடைக்காரர் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிவிடலாமா என்று தாயாரைக் கேட்டார். தாயார் அதற்கு விடை சொல்லவில்லை, "இது இனி ஓடுமா?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

மெக்கானிக் முன்புறத்தில் கைப்பிடியைப் பொருத்தினார். இத்தகைய என்ஜின்களைக் கையால் சுழற்றும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் கைப்பிடியின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். என்ஜின் பின்னோக்கி உதைத்தால் கட்டைவிரல் முறியும். அவர் அதை அறிந்தவர். பிளக்குகளைக் கழற்றி, ஸிலிண்டருக்கு ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கியர் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மெல்ல மேல்நோக்கி இழுத்தார். முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாவதில் அரைச் சுற்று. மூன்றாவதில் முழுச் சுற்று வந்தது. என்ஜின் இறுகிப் போகவில்லை.

பாட்டரி ஒன்று, பிளக்குகள் நான்கு, கார்ப்யூரேட்டர் கேஸ்கட் ஒன்று என்று அவர் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பட்டியல் எழுதத் தொடங்கினார்.